6,000 ரசாயனங்களைச் சோதித்து ஏரிகளை மீட்டவர்: யார் இந்த வெர்னான் ஆப்பிள்கேட்?

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே ஐந்து பேரேரிகள் இருக்கின்றன. அதில் ஒன்று மிஷிகன் ஏரி. 1946-ல் அந்த ஓர் ஏரியில் மட்டும் மீனவர்கள் பிடித்த லேக் டிரவுட் மீனின் எடை சுமார் 55 லட்சம் பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,500 டன். ஏழு வருடம் கழித்து, 1953-ல், அதே ஏரியில் கிடைத்தது 402 பவுண்டு. கிலோ கணக்கில் சொன்னால் வெறும் 182 கிலோ. ஒரு மினி வேனில் ஏற்றினால்கூட பாதி இடம் காலியாகத்தான் இருக்கும்.

பக்கத்து ஹியூரன் ஏரியிலும் இதே கதைதான். சுப்பீரியர் ஏரியில் சரிவு கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். டிரவுட்டை நம்பிப் பிழைத்த கரையோர மீனவர்களின் தொழில் கண்ணெதிரே கரைந்துபோனது.

இந்தச் சரிவைத் திருப்பிப் போட்டவர்களில் முக்கியமானவர் வெர்னான் ஆப்பிள்கேட். மீன்வள ஆராய்ச்சி உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஒரு வெளியூர் உயிரினம் புகுந்து பரவிவிட்டால் அதைக் கட்டுப்படுத்தவே முடியாது என்று சொல்பவர்களிடம் எடுத்துக்காட்டாகக் காட்ட, உலகில் இருப்பது மிகச் சில வெற்றிகள். அதில் ஒன்று இவருடையது.

கால்வாய் திறந்துவிட்ட கதவு

டிரவுட்டைக் காலி செய்தது யார்? பார்வைக்கு விலாங்கு மீன் போல இருக்கும் கடல் லாம்ப்ரே. ஆனால் அது விலாங்கு இல்லை. அதற்குத் தாடை கிடையாது, செதில் கிடையாது, எலும்பும் கிடையாது. வாய் இருக்கும் இடத்தில் வட்டமான ஓர் உறிஞ்சி. அதற்குள் வளைய வளையமாகப் பற்கள். நடுவே அரம் போன்ற நாக்கு. பெரிய மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு, தோலைச் சுரண்டி ஓட்டை போட்டு, ரத்தத்தைக் குடிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க அதன் எச்சிலில் தனிப் பொருளே இருக்கிறது.

அட்லான்டிக் கடலில் இது பெரிய பிரச்சினை இல்லை. அங்கே உள்ள மீன்களும் லாம்ப்ரேவும் நெடுங்காலமாகச் சேர்ந்தே வாழ்ந்து பழகியவை. ஐந்து ஏரிகளில் கடலுக்கு அருகில் இருப்பது ஒன்டாரியோ ஏரி. அதற்கும் மற்ற நான்கு ஏரிகளுக்கும் நடுவே நயாகரா நீர்வீழ்ச்சி சுவர் போல நின்றது. லாம்ப்ரே அதைத் தாண்டி ஏற முடியாது.

அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போக மனிதர்களே வழி செய்தார்கள். கப்பல்கள் நயாகராவைத் தவிர்த்துச் செல்வதற்காக 1829-ல் வெல்லண்ட் கால்வாய் திறக்கப்பட்டது. பிற்பாடு அது பெரிதாக்கவும் பட்டது. 1921-ல் ஈரி ஏரியில் கடல் லாம்ப்ரே தென்பட்டது. 1936-ல் மிஷிகன், 1937-ல் ஹியூரன், 1938-ல் சுப்பீரியர் என்று மற்ற மூன்று ஏரிகளுக்கும் அது வந்து சேர்ந்தது.

ஒரு லாம்ப்ரே ஏரியில் ஒட்டுண்ணியாக வாழும் 12 முதல் 18 மாதங்களுக்குள் 40 பவுண்டு வரை மீனைக் கொன்றுவிடும். அதிலும் அதற்குப் பெரிய மீன்தான் பிடிக்கும். லேக் டிரவுட் முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஆறு, ஏழு வருடங்கள் ஆகும். முட்டையிடத் தயாராகும் நேரத்தில் பெரிய மீன்கள் செத்தால், அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்ததால் பலவீனமாகியிருந்த மீன் கூட்டம், இந்த இரண்டாவது அடியைத் தாங்கவில்லை.

ஆற்றங்கரையில் ஓர் ஆய்வு மாணவர்

ஆப்பிள்கேட் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தவர். 1940-களின் பிற்பகுதியில் லாம்ப்ரே பக்கம் அவர் கவனம் திரும்பியது.

அன்றைய நிலைமை என்ன? லாம்ப்ரேவை ஒழித்தாக வேண்டும் என்ற நெருக்கடி எல்லாப் பக்கமும் இருந்தது. ஆனால் ஏரிகளில் அது எப்படி வாழ்கிறது, எப்போது ஆற்றில் ஏறுகிறது, எத்தனை வருடம் எங்கே இருக்கிறது என்று முழுசாகத் தெரியாது. எதிரி யாரென்று தெரியும். அவன் முகவரி தெரியாது.

அந்த முகவரியைத் தேடும் வேலையை ஆப்பிள்கேட் எடுத்துக்கொண்டார். ஹியூரன் ஏரியில் கலக்கும் ஆக்கியாக் ஆறு, மிஷிகன் மாநிலத்தின் வடக்கே ஓடும் கார்ப் லேக் ஆறு போன்ற சிறு ஆறுகள்தான் அவருடைய ஆய்வுக்கூடம். வசந்த காலத்தில் ஆற்று நீர் லேசாகச் சூடேறியதும் லாம்ப்ரேக்கள் ஏரியிலிருந்து மேலேறி வரும். வாயாலேயே கற்களைக் கவ்வி நகர்த்தி, கூழாங்கல் படுகையில் குழி பறித்துக் கூடு அமைக்கும். ஒரு பெண் லாம்ப்ரே சராசரியாக 60,000 முட்டைகளுக்கு மேல் சுமக்கிறது என்பது அவர் கண்ட கணக்கு. முட்டையிட்டு முடித்ததும் ஆணும் பெண்ணும் செத்துப்போகும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். பொரிந்து வரும் லார்வாக்கள் நேராக ஏரிக்குப் போவதில்லை. நீரோட்டத்தில் மிதந்து சென்று, மென்மையான சேற்றில் புதைந்துகொள்ளும். கண் தெரியாது, பல் கிடையாது. தண்ணீரில் வரும் நுண்ணிய துகள்களை வடிகட்டித் தின்றுகொண்டு மூன்று முதல் ஏழு வருடங்கள், சில நேரம் அதற்கும் மேல், அங்கேயே கிடக்கும். கடைசியில் உருமாறி, கண்ணும் பல்லும் முளைத்து, ஏரிக்குக் கிளம்பும். கார்ப் லேக் ஆற்றில் பொறி வைத்து, உருமாறிய குட்டிகள் எப்போது இறங்கிப் போகின்றன என்பதையும் அவர் பதிவு செய்தார்.

1950-ல் இந்த ஆய்வு அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் சிறப்பு அறிக்கையாக வெளியானது. மிஷிகன் மாநிலத்தில் கடல் லாம்ப்ரே வாழும் வாழ்க்கை, முட்டை முதல் சாவு வரை, அதில் இருந்தது.

எங்கே அடித்தால் விழும்?

அந்த வாழ்க்கைக் கதைக்குள்ளேயே விடையும் இருந்தது.

சுப்பீரியர் ஏரி, பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். அந்தத் தண்ணீருக்குள் லாம்ப்ரேவைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். ஆனால் அதே லாம்ப்ரே, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒடுங்கிய ஆற்றின் சேற்றில், கண் தெரியாமல், ஓடி ஒளிய முடியாமல் கழிக்கிறது. பேரேரிகளில் கலக்கும் ஆறுகளும் ஓடைகளும் 5,000-க்கும் மேல் இருந்தாலும், லாம்ப்ரே பெருகுவது அதில் சுமார் பத்தில் ஒரு பங்கில்தான்.

இன்னொரு விஷயம். ஓர் ஆற்றுச் சேற்றில் இந்த வருடக் குஞ்சு, போன வருடக் குஞ்சு, அதற்கும் முந்தைய வருடக் குஞ்சு என எல்லாமே சேர்ந்து கிடக்கும். அங்கே ஒரே ஒரு முறை சரியாக அடித்தால், பல வருட விளைச்சலை ஒரேயடியாக அழித்துவிடலாம். சண்டையை ஏரியில் போட வேண்டாம், ஆற்றில் போடு என்பதுதான் கணக்கு.

மின்சார வேலி எடுபடவில்லையா?

உடனே ரசாயனத்துக்குப் போய்விடவில்லை. முட்டையிட வரும் லாம்ப்ரேவை ஆற்றிலேயே மறித்துவிட்டால் வேலை முடிந்ததே! கம்பித் தடுப்புகள், பொறிகள், பிறகு தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சும் வேலிகள் என்று வரிசையாக வந்தன. 1952-ல் மின்சாரத் தடுப்பு பற்றி வெளியான அறிக்கையிலும் ஆப்பிள்கேட்டின் பெயர்தான் முதலில் இருக்கிறது.

ஆனால் வெள்ளம் வந்தால் தடுப்பு தாங்காது. மின்சாரம் நின்றால் வழி திறக்கும். வேலி லாம்ப்ரேவை மட்டும் பார்த்து அடிக்காது. ஆற்றில் ஏறும் நல்ல மீன்களும் செத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலி இன்று வருவதை மட்டும்தான் தடுக்கும். சேற்றில் ஏற்கெனவே காத்திருக்கும் பல வருடச் சரக்கை என்ன செய்வது? அது வருடா வருடம் இறங்கி வந்துகொண்டேதான் இருக்கும். டிரவுட்டுக்கோ அவ்வளவு அவகாசம் இல்லை.

ஜாடிக்குள் ஒரு தேடல்

ஹியூரன் ஏரிக்கரையில் ஹேமண்ட் பே என்ற இடத்தில் கடலோரக் காவல் படையின் பழைய நிலையம் ஒன்று இருந்தது. அது லாம்ப்ரே ஆய்வகமாக மாறியது. அங்கே ஆய்வை நடத்தியவர் ஆப்பிள்கேட். மேலே இருந்து ஆதரவு கொடுத்தவர், பேரேரி மீன்வள ஆய்வுக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் மாஃபெட். உடன் உழைத்தவர்களில் ஜான் ஹவல் முக்கியமானவர்.

அவர்கள் தேடியது சாதாரண விஷத்தை இல்லை. லாம்ப்ரே லார்வாவைக் கொல்ல வேண்டும். பக்கத்தில் நீந்தும் டிரவுட்டைக் கொல்லக் கூடாது. இரண்டும் இருப்பது ஒரே தண்ணீரில். அப்படி ஒரு ரசாயனம் உலகில் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

ஆகவே கிடைத்ததை எல்லாம் சோதித்தார்கள். வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் லாம்ப்ரே லார்வாக்கள். கூடவே ரெயின்போ டிரவுட், புளூகில் மீன்கள். பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 5 பங்கு ரசாயனம். பிறகு 24 மணி நேரம் காத்திருப்பு. சில ரசாயனங்கள் எதையுமே தொடவில்லை. சில எல்லாவற்றையும் கொன்றன. ஜாடியைக் கழுவு, அடுத்ததை ஊற்று. வருடக்கணக்கில் இதே வேலை.

1957-ல் வெளியான ஓர் அறிக்கையில் 4,346 ரசாயனங்களின் முடிவுகள் பட்டியலிடப்பட்டன. மொத்தத்தில் கிட்டத்தட்ட 6,000 சோதிக்கப்பட்டன. அதில் புரோமின் சேர்ந்த ஒரு நைட்ரோபீனால், மீனை விட்டுவிட்டு லார்வாவைக் கொன்றது. அதன் உறவுக்கார ரசாயனங்களைத் துருவியபோது இன்னும் தோதானது கிடைத்தது: 3-டிரைஃப்ளூரோமெத்தில்-4-நைட்ரோபீனால். சுருக்கமாக டி.எஃப்.எம்.

அது ஏன் லாம்ப்ரேவை மட்டும் அதிகம் தாக்குகிறது? செல்கள் ஆற்றல் தயாரிக்கும் வழியை அது குலைக்கிறது. பெரும்பாலான மீன்கள் அதை உடம்புக்குள்ளேயே மாற்றி, கழிவாக வெளியேற்றிவிடும். லாம்ப்ரேவுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. இந்தக் காரணம் தெளிவானது பிற்காலத்தில்தான். விடை முதலில் கிடைத்தது; விளக்கம் பின்னால் வந்தது.

ஆற்றில் இறங்கிய மருந்து

1958 மே மாதம், சுப்பீரியர் ஏரியில் கலக்கும் மஸ்கிட்டோ ஆற்றில் டி.எஃப்.எம் இறங்கியது. சுப்பீரியரை முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. உள்ளூர் டிரவுட் இன்னும் குறிப்பிடத்தக்க அளவில் மிச்சம் இருந்த பெரிய ஏரி அதுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வது அப்படி இல்லை. ஆறு ஓடிக்கொண்டே இருக்கும். சுமார் 12 மணி நேரம், குறிப்பிட்ட அளவு குறையாமலும் கூடாமலும் ரசாயனம் தண்ணீரோடு நகர வேண்டும். குறைந்தால் லாம்ப்ரே பிழைக்கும், கூடினால் மீன் சாகும். தண்ணீரின் அமில, காரத் தன்மை மாறினாலே அந்த அளவும் மாறிவிடும். அதனால் ஒவ்வோர் ஆற்றுக்கும் தனிக் கணக்கு.

இந்த வேலையை ஒருங்கிணைக்க, அமெரிக்காவும் கனடாவும் 1954-ல் போட்ட ஒப்பந்தத்தின்படி பேரேரி மீன்வள ஆணையம் உருவாகியிருந்தது. அந்த ஆணையம் 1961-ல் வெளியிட்ட முதல் தொழில்நுட்ப அறிக்கையே டி.எஃப்.எம் பற்றியதுதான். அதை எழுதியவர்களில் முதல் பெயர் ஆப்பிள்கேட்.

1962-ல் சுப்பீரியர் ஏரியின் ஆறுகளில் எண்ணிப் பார்த்தபோது, முட்டையிட வந்த லாம்ப்ரேக்கள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குறைந்திருந்தன. ஆற்றில் அடித்த அடி ஏரியில் தெரிய ஆரம்பித்தது.

லாம்ப்ரே குறைந்தால் போதுமா?

போதாது. இங்கேதான் பலரும் தவறவிடும் பாடம் இருக்கிறது. கொல்பவனைக் குறைப்பது வழியைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அழிந்தது திரும்பி வர வேறு பலவும் வேண்டும்.

மீன்பிடிக்குக் கட்டுப்பாடு வந்தது. பண்ணையில் வளர்த்த டிரவுட் குஞ்சுகள் பெருமளவில் விடப்பட்டன. அவை வளர்ந்தன, ஆனால் பல இடங்களில் எதிர்பார்த்த அளவு இனப்பெருக்கம் செய்யவில்லை. சுப்பீரியரில் கைகொடுத்தது, கரையை விட்டுத் தள்ளியிருந்த பாறைத் திட்டுகளில் தப்பிப் பிழைத்த காட்டு டிரவுட்தான். அப்படி ஒரு திட்டான கல் ஐலண்ட் ஷோல் 1976-ல் மீன்பிடி தடை செய்யப்பட்ட சரணாலயமானது. காட்டு மீன்கள் பெருகியதால், 1996-ல் அமெரிக்க மத்திய அரசு அந்த ஏரியின் பெரும்பகுதியில் குஞ்சு விடுவதையே நிறுத்தியது.

மிஷிகன் ஏரியில் பாதை கரடுமுரடாக இருந்தது. டிரவுட் இல்லாத ஏரியில், அதன் இரையாக இருந்திருக்க வேண்டிய ஏல்வைஃப் என்ற சிறு மீன் கட்டுக்கடங்காமல் பெருகியது. அதுவும் கடலிலிருந்து வந்த விருந்தாளிதான். 1967-ல் அவை கூட்டம் கூட்டமாகச் செத்துக் கரை ஒதுங்க, கடற்கரை போன்ற ஏரிக்கரைகள் நாறின. ஏல்வைஃப், டிரவுட் குஞ்சைத் தின்னும். ஏல்வைஃப்பைத் தின்ற டிரவுட்டுக்கோ வைட்டமின் பி1 குறைந்து, அதன் குஞ்சுகள் சாகும். 2000-களின் தொடக்கத்தில் ஹியூரன் ஏரியில் ஏல்வைஃப் சரிந்த பிறகுதான் அங்கே காட்டு டிரவுட் குஞ்சுகள் கண்ணில் படத் தொடங்கின.

ஆக, வேட்டையாடும் மீனே இருக்கக் கூடாது என்பதல்ல விஷயம். லேக் டிரவுட்டே ஒரு வேட்டை மீன்தான். எந்த ஏரியில் எந்த வேட்டை மீன் இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

இங்கே நாயகன், அங்கே வில்லன்

இதற்கு யெல்லோஸ்டோன் ஏரியைவிட நல்ல உதாரணம் கிடையாது. அமெரிக்காவின் மேற்கே, அதே பெயருள்ள தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் இந்த ஏரியின் சொந்த மீன் கட்த்ரோட் டிரவுட். 1994-ல் அங்கே லேக் டிரவுட் புகுந்திருப்பது தெரிய வந்தது. கட்த்ரோட் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. ஆறுகளில் ஏறும் கட்த்ரோட்டைத் தின்று வாழ்ந்த கரடிகளுக்கும் பறவைகளுக்கும்கூட இரை குறைந்தது. லேக் டிரவுட் ஆழத்திலேயே இருப்பதால் அவற்றுக்கு எட்டாது.

அன்று முதல் இன்று வரை வலை போட்டு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட லேக் டிரவுட்டை அங்கிருந்து அகற்றியிருக்கிறார்கள். உடம்பில் கருவி பொருத்திய மீன்களைப் பின்தொடர்ந்து, அவை முட்டையிடும் இடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளை அங்கேயே மூச்சடைக்கச் செய்யும் முறையும் வந்துவிட்டது. எதிரி நகர முடியாமல் ஓரிடத்தில் கிடக்கும் பருவத்தைத் தேடி அடிப்பது... ஆப்பிள்கேட்டின் கணக்கு இங்கேயும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு சுவாரஸ்யம். யெல்லோஸ்டோன் பூங்காவின் லூயிஸ் ஏரியில், 1890 வாக்கில், மிஷிகன் ஏரியின் லேக் டிரவுட் கொண்டுபோய் விடப்பட்டது. பின்னாளில் மிஷிகன் ஏரியில் அந்த இனம் அழிந்துபோனபோது, அதன் வம்சம் லூயிஸ் ஏரியில் மிச்சம் இருந்தது. அங்கிருந்து எடுத்த முட்டைகளில் வளர்ந்த குஞ்சுகள் மறுபடியும் மிஷிகன் ஏரிக்கே வந்து சேர்ந்தன.

டி.எஃப்.எம் முழுக்க நல்லதா?

அப்படியும் சொல்ல முடியாது. அது தண்ணீரில் நெடுநாள் தங்குவதில்லை, வெயிலில் சிதைந்துவிடும் என்பது சாதகம். ஆனால் பேரேரிப் பகுதிக்கே சொந்தமான வேறு லாம்ப்ரே இனங்கள் இருக்கின்றன. அவற்றின் லார்வாக்களும் அதே சேற்றில்தான் வாழ்கின்றன, அவையும் சாகும். மட்பப்பி என்ற நீர்வாழ் சாலமாண்டருக்கும், ஸ்டர்ஜன் மீனின் இளங்குஞ்சுகளுக்கும் ஆபத்து உண்டு. அதனால்தான் அணைத் தடுப்புகள், பொறிகள், லாம்ப்ரேவை வாசனையால் இழுக்கும் ஃபெரமோன் என்று மாற்று வழிகளும் ஆராயப்படுகின்றன.

லாம்ப்ரே என்ற உயிரே கெட்டது என்பதும் இல்லை. ஐரோப்பாவில் அது பல இடங்களில் அருகிவருகிறது, பாதுகாக்கப்படுகிறது. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரம் அரச குடும்பத்துக்கு லாம்ப்ரே பை செய்து அனுப்புவது பழைய வழக்கம். 2012-ல் எலிசபெத் அரசியின் வைர விழாவுக்கு அதைச் செய்ய உள்ளூரில் லாம்ப்ரே போதாமல், அமெரிக்கப் பேரேரிகளிலிருந்து வரவழைத்தார்கள்!

முடியாத வேலை

பேரேரிகளின் பெரும்பாலான பகுதிகளில் லாம்ப்ரே எண்ணிக்கை உச்சத்திலிருந்து சுமார் 90% குறைந்திருக்கிறது. 2024-ல், சுப்பீரியர் ஏரியின் பெரும்பகுதியில் லேக் டிரவுட் முழுமையாக மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மஸ்கிட்டோ ஆற்றில் மருந்து இறங்கி 66 வருடம் கழித்து வந்த அறிவிப்பு அது.

ஆனால் லாம்ப்ரே அழிந்துவிடவில்லை. கொரோனா காலத்தில், 2020, 2021-ல், ஆறுகளில் மருந்து இடும் பணி வெகுவாகக் குறைந்தது. அடுத்த சில வருடங்களிலேயே லாம்ப்ரே எண்ணிக்கை மறுபடி ஏறியது. இரண்டு வருடம் கொஞ்சம் அசந்ததற்கே அந்த விலை. அதனால் ஒவ்வொரு வருடமும் குழுக்கள் ஆறு ஆறாகப் போகின்றன, சேற்றைச் சோதிக்கின்றன, தேவைப்படும் ஆறுகளில் சில வருடங்களுக்கு ஒருமுறை டி.எஃப்.எம் இடுகின்றன. ஹேமண்ட் பே ஆய்வகமும் இன்று வரை இயங்குகிறது.

ஆப்பிள்கேட் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கடல் லாம்ப்ரே கட்டுப்பாட்டில் சிறந்த பங்களிப்பு செய்பவர்களுக்குப் பேரேரி மீன்வள ஆணையம் தரும் விருது அவர் பெயரில் இருக்கிறது. 6,000 ரசாயனங்கள் என்ற எண்தான் அவரைப் பற்றிப் பேசும்போது முதலில் வந்து நிற்கும். ஆனால் அந்த ஜாடிகளுக்கும் முன்னால், ஆற்றங்கரையில் லாம்ப்ரேவைக் கவனித்துக் கழித்த வருடங்கள் இருந்தன. எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான், எதைக் கொண்டு அடிப்பது என்ற தேடலுக்கே அர்த்தம் வந்தது.